செக்கிங் அண்ணன் விற்காத மழைக்கோட்டு

ஒரு பொருளை எப்படியாவது விற்காமல் இருப்பதற்காகவே கடை திறந்து வைத்திருக்கும் மனிதர் தேனி மாவட்டத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் செக்கிங் அண்ணன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்க்கிறேன். இவரிடம் பட்டதற்கு மேல் யாரிடமும் பட முடியாது என்ற தைரியம் எனக்கு இருக்கிறது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவர். தைத்து வரும் துணியை விளக்கடியில் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க்கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் தூக்கி எறிகிற வேலை. ஊர் திரும்பியதும் பங்களாமேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டடி அகலத்தில் கடை போட்டார். வெளிநாட்டுக்குப் போய் மிஞ்சிய சைக்கிள் பந்தயச் சட்டைகளையும் டிரவுசர்களையும் மூட்டையாக வாங்கி வந்து மலிவாக விற்கிறார். ஆனால் தூக்கி எறிகிற வேலை முடிந்துவிட்டது என்பதை அவருடைய கைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

மகனைக் கூட்டிக்கொண்டு நான் முதல்முறை போனபோது தேவதானப்பட்டியிலிருந்து வந்த ஒருவர் ஒரு கறுப்புச் சட்டையை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தார்.

“இது நல்லா இருக்குண்ணே.”

“நல்லாத்தான் இருக்கு. கறுப்புல போனா லாரிக்காரனுக்கு நீங்களும் தார் ரோடும் ஒண்ணுதான். வையிங்க கீழ.”

“அப்ப அந்த நீலம்?”

“பருத்தி கலந்தது. வேர்வையக் குடிச்சிட்டு ஒடம்பு மேலயே கெடக்கும், மாமியா வீட்டுக்கு வந்த மருமகன் கணக்கா. எந்திரிக்காது.”

“எதத்தாண்ணே விப்பீக?”

“நாளைக்கி ஒரு மூட்டை வருது. அதுலயும் தேறுமான்னு சொல்ல முடியாது.”

வந்தவர் வெறுங்கையோடு போனார். செக்கிங் அண்ணன் மிகவும் திருப்தியாக இருந்தார்.

என்னால் அப்படி வெறுங்கையோடு போக முடியாது. என் மகன் கதிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பழைய பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் நண்பர்களோடு போடிமெட்டு ஏறத் தொடங்கியிருந்தான். ஏறுவதில் எனக்குப் பயமில்லை, மூச்சு வாங்கினால் நின்றுவிடுவான். பயமெல்லாம் இறங்குவதில்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் அந்த வளைவுகளில் எப்படி வரும் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். என் கணவருக்கு வேலை கேரளத்தில். வாரம் ஒரு நாள்தான் வருவார். ஆகவே பயப்படுகிற வேலை முழுவதையும் நான் ஒருத்தியே பார்த்து வந்தேன். போகாதே என்றால் மகன் கேட்கவில்லை. அவன் உயிரோடு வீடு திரும்புவதற்கு என்னால் ஆனது, போட்டுக்கொண்டு போகும் துணியை நான் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் எந்தத் துணியையும் உடம்பின் அளவுக்கு எடுத்ததில்லை. கதிருக்கு ஆறாம் வகுப்பில் எடுத்த டிரவுசர் எட்டாம் வகுப்பில்தான் பொருந்தியது. அதற்குள் அது கிழிந்துவிட்டது.

“லார்ஜ் குடுங்கண்ணே. வளர்ற புள்ள.”

அவர் கதிரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“தாயி, பத்தொம்பது வயசாச்சு. இனிமே மீசதான் வளரும். அதுக்கு எதுக்கு லார்ஜு?”

கடை நடுவே ஒரு சைக்கிளைத் தரையோடு போல்ட் போட்டு வைத்திருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு அதில் ஏறிக் குனிய வேண்டும். எதிரே ஓர் ஆளுயர மின்விசிறி. அதை முழு வேகத்தில் வைத்துவிட்டு, காது கொடுத்துக் கேட்பார். துணி படபடத்தால் அந்தச் சட்டை அவுட். முதுகு மேலேறி இடுப்பு தெரிந்தால் அவுட். கழுத்தில் ஜிப் குத்தினால் அவுட். கதிர் ஆறு சட்டை மாற்றினான். ஏழாவது மீடியம், மஞ்சள் நிறம், விலை முந்நூற்றைம்பது. மின்விசிறி அலறியும் அது மூச்சுவிடவில்லை.

“சட்டையில மிச்சம் பிடிங்க தாயி, டிரவுசர்ல பிடிக்காதீக. உக்காந்து போறது அதுலதான?” என்று டிரவுசருக்குள் தைத்திருந்த பஞ்சு மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். “விரல எடுத்ததும் எந்திரிக்கணும். எந்திரிக்காதது தலகாணிக்குத்தான் ஆகும்.” பிறகு சந்து முழுக்கக் கேட்கும்படி, “தம்பி, இதுக்குள்ள ஜட்டி போடக் கூடாது. தையல் உரசி அங்கன புண்ணாயிரும்” என்றார்.

பால் வாங்கிக்கொண்டு போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். கதிர் ஹேண்டில்பாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“அம்மா, போலாம்மா.”

“இரு தம்பி, ஒங்கம்மாவுக்கு வெளங்கணும்ல. தொவைக்கப் போறது அவுகதான? தாயி, வாசனத் தண்ணியெல்லாம் ஊத்தி அலசாதீக. அப்பறம் துணி வேர்வைய வெளிய விடாது.”

இதுவரை எல்லாம் சிரிப்புதான். சனியன் ஒரு மழைக்கோட்டு உருவத்தில் மூலையில் கிடந்தது.

மூட்டைகள் நனையாமலிருக்க அவர் மேலே போட்டு வைத்திருந்த கோட்டு அது. முழங்கால் வரை நீளம், தலைக்குத் தொப்பி, எனக்கும் கதிருக்கும் சேர்த்துப் போதுமான அகலம். போடிமெட்டுக் குளிருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் அதைக் கதிருக்கு மாட்டி, சைக்கிளில் ஏற்றி, மின்விசிறியைப் போட்டார். கோட்டு பம்மென்று உப்பிப் பின்பக்கம் சக்கரத்தின் மேல் படுத்தது.

“பாத்தீகளா? இது கோட்டு இல்ல தாயி, கூடாரம். எறக்கத்துல சக்கரத்துக்குள்ள போயிரும். ஒடம்போட ஒட்டுன, காத்து நொழையாத மெல்லிசு சட்ட இருக்கு, பத்து நாள்ல வரும். அதுவரைக்கும் நெஞ்சுல ஒரு நியூஸ் பேப்பரச் சொருகிட்டு எறங்கட்டும். குளிராது.”

“பேப்பர்ல சுத்திட்டுப் போறதுக்கு அவன் என்ன பஜ்ஜியாண்ணே?”

எனக்கு உண்மையிலேயே கோபம். மகனுக்குக் குளிரும் என்று ஒரு தாய் சொல்கிறாள், இந்த ஆள் தாளைச் சொருகச் சொல்கிறார். நேரே கடைத்தெருவுக்குப் போய் அதேபோல ஒரு கோட்டு வாங்கினேன். அளவு கேட்டார்கள். இருப்பதிலேயே பெரியது என்றேன். அடுத்த ஞாயிறு கதிர் அதை வேண்டாம் என்றபோது அழுதேன். அதற்காகத்தான் எடுத்துக்கொண்டு போனான்.

ஒன்பதே காலுக்குப் போன் வந்தது. தெரியாத எண், தெரியாத பெண் குரல்.

“ஆத்தா, கதிருங்கிறது ஒங்க மகனா? பயப்படாதீக. உசுருக்கு ஒண்ணுமில்ல. எங்க ஜீப்புலதான் போடி ஆசுபத்திரிக்குக் கொண்டாறோம்.”

‘பயப்படாதீக’ என்ற சொல்லைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தேனியிலிருந்து போடி வரை எப்படிப் போனேன் என்று இன்றும் நினைவில்லை.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஒரு பக்கத் தொடையிலும் கையிலும் தோல் இல்லை. ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பெண் நடந்ததைச் சொன்னார். வளைவில் சைக்கிள் தானாக நின்றதுபோல் நின்று, பையன் வழுக்கிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் வந்திருக்கிறான். டிரைவர் பிரேக்கை மிதித்திருக்கிறார். டயருக்கும் அவன் தலைக்கும் எவ்வளவு தூரம் என்று அவர் கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண்.

வலி மருந்தின் மயக்கத்தில் கதிர், “கோட்டு சக்கரத்துல சிக்கிருச்சும்மா” என்றான். குற்றம் சொல்லும் குரலில்கூட இல்லை.

நண்பர்கள் சொல்லி, மதியத்துக்குள் செக்கிங் அண்ணன் வந்துவிட்டார். கதிரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் மடியில் பிளாஸ்டிக் பையில் அந்தக் கோட்டு இருந்தது.

“அதக் குடுங்க.”

ஜன்னலோரம் எடுத்துப் போய் உள்பக்கம் திருப்பினார். கிழிசலுக்குள் விரலை விட்டார். அதில் ஒட்டியிருந்த சங்கிலி மசகை மோந்து பார்த்தார். அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன். யாராவது ஒருவர் அதைச் சத்தமாகச் சொன்னால் நல்லது என்றுகூட இருந்தது.

“தாயி, இது விழுந்தப்பறம் சிக்குனது.”

“இல்லண்ணே, அவனே சொன்னான்…”

“அவனுக்கு என்ன தெரியும், மயக்கத்துல ஒளறுறான். கிழிசலப் பாருங்க, மேலருந்து கீழ போகுது. மொதல்லயே சிக்கியிருந்தா குறுக்காலல்ல கிழியும்? மணல்ல வழுக்கியிருக்கான். கோட்டு மேல தப்பில்ல. வாங்குனவுக மேலயும் தப்பில்ல.”

நான் கிழிசலைப் பார்த்தேன். அது குறுக்கேதான் ஓடியிருந்தது.

அவருக்கு அது தெரியாதா? ஒரு நூல் பிசகைக்கூட மன்னிக்காத மனிதர், தெரிந்தே பாஸ் போட்ட முதல் டேமேஜ் பீஸ் அதுவாகத்தான் இருக்கும். போகும்போது கோட்டைச் சுருட்டித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

எலும்பு கூடியதும் கதிர் மறுபடி மலையேறக் கிளம்பினான். கத்தினேன், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தேன், பயனில்லை. பேசுவதற்கு வேறு ஆளில்லாமல் செக்கிங் அண்ணன் கடைக்குத்தான் போனேன். அவர் புத்தி சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டு, டீ சொன்னார்.

இப்போது ஞாயிறு காலைகளில் அந்த ஸ்டூலில்தான் இருக்கிறேன். கதிர் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்குமுன் ஒரு போன், போடிக்கு வந்து சேர்ந்ததும் ஒரு போன். இரண்டுக்கும் நடுவில் போனைக் கையிலிருந்து இறக்குவதில்லை. அந்த நேரத்தில் யாராவது சட்டை கேட்டு வந்தால், அண்ணன் குற்றம் எதுவும் சொல்லாமல் கேட்டதை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். பிறகு ஒரு சட்டையை எடுத்து மடிப்பார், உதறுவார், மறுபடி மடிப்பார். போன் வரும்வரை அதே ஒரு சட்டைதான். நான் கவனிக்காததுபோல் சந்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.