தளபதிக்கு ரெண்டு இடதுகை

தலை நுழைந்துவிட்டது. கைகள்தான் நுழைய மாட்டேன் என்றன.

செண்பகராஜ் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி, சிவப்பு அங்கிக்குள் முகம் மூடி, நடு வீட்டில் தட்டுத்தடுமாறி நின்றான். அங்கி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஜன்னல் திரையை வெட்டித் தைத்தது. துணியை மடித்துப் போட்டு வெட்டியிருந்தால் கை வலது ஒன்று, இடது ஒன்று என்று வந்திருக்கும். செண்பகராஜ் ஐயா விரித்துப் போட்டே இரண்டு தடவை வெட்டிவிட்டார். இரண்டுமே இடதுகை.

கோவில்பட்டி மில்லில் பிட்டர் வேலை அவனுக்கு. நூற்கிற மிஷினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான். அந்த நூலால் ஆன துணிதான் அவனைப் படாத பாடு படுத்தியது.

எல்லாம் பாளையம் ஆட்டத்துக்காக. பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காட்டில் கூடாரம் போட்டு, கிழக்குப் பாளையம், மேற்குப் பாளையம் என்று பிரிந்து, ராஜா காலத்து ஆட்களாகவே ஒரு நாள் பூராவும் பேசி, நடந்து, சண்டை போட்டுத் திரும்புகிற கூட்டம் அது. முக்கியமான சட்டம் ஒன்றுண்டு. உடுப்பை அவரவர் கையால்தான் தைக்க வேண்டும்.

இதுவரை செண்பகராஜ் கிழக்குப் பாளையத்தின் வாசல் காவலாள். மர ஈட்டியோடு கூடாரத்து வாசலில் நின்றே பொழுது போய்விடும். சண்டைச் சத்தம் தூரத்தில் கேட்கும். எதிரியின் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. இந்தத் தடவைதான் மனது வைத்துத் தளபதி ஆக்கியிருந்தார்கள். உடுப்புச் சோதனையில் தேறாவிட்டால் பழையபடி வாசல்தான். மில்லிலும் அவன் பேச்சை யாரும் கேட்பதில்லை, வீட்டில் சொல்லவே வேண்டாம். பாவம், ஒரு நாளாவது "படையே, முன்னேறு!" என்று கத்திப் பார்க்க அவ்வளவு ஆசை.

கதவு தடதடவென்றது.

"ஏங்க! உள்ள என்ன செய்யுதிய? கதவத் திறங்க!"

மனைவி வள்ளிமயில். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பேக்கிங் வேலை முடிந்து வந்துவிட்டாள். செண்பகராஜ் பதறிப்போய் ஒரே இழுப்பாக இழுத்தான். இரண்டு அக்குளும் டர்ரென்று கிழிந்தன. அங்கி கட்டிலுக்கடியில் போனது.

"என்ன இப்படி வேத்திருக்கு?"

"எக்சர்சைஸ் செஞ்சேன்."

"ஜன்னல் திரைய எங்க காணோம்?"

"தொவைக்கப் போட்டிருக்கேன்."

"நீங்களா?"

மனிதன் நிலாவுக்குப் போன செய்தியைக்கூட அவள் இவ்வளவு சந்தேகத்தோடு கேட்டதில்லை.

உண்மையைச் சொல்லித் தொலைக்கலாம்தான். ஆனால் ஒருமுறை இந்த ஆட்டத்துப் படத்தை யாரோ ஸ்டேட்டஸில் வைத்திருந்ததைக் காட்டியபோது, "வேலவெட்டி இல்லாத கூட்டம்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். அன்றிலிருந்து ஆட்டத்துக்கு வீட்டில் ஓவர்டைம் என்று பெயர்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் அவளுடைய தையல் மிஷினைத் திறந்தான். தான் போட்ட சிவப்பு நூல் இல்லை, பச்சை நூல் இருந்தது. தன் ஞாபகமறதியைத் திட்டிக்கொண்டே மாற்றினான். கிழிந்த அக்குளுக்கு ஒட்டுப்போடத் துணி வேண்டும். பீரோவின் அடித்தட்டில் வள்ளிமயில் உடுத்தாமலே போட்டுவைத்திருந்த கத்தரிப்பூக் கலர் பட்டுச்சேலை கண்ணில் பட்டது. கரை நெடுக அன்னப்பறவை வரிசை.

வெட்டப் பயந்துகொண்டே விரித்துப் பார்த்தவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. முந்தானையை ஏற்கெனவே எலி தின்றிருந்தது! கத்தரியால் வெட்டியதுபோல நேராகத் தின்றிருந்தது, கெட்டிக்கார எலி. ஓரத்து அன்னம் ஒன்று தலையில்லாமல் வாலோடு மட்டும் நின்றது. எலி தின்ற சேலையில் இன்னும் ஒரு முழம் போனால் யாருக்குத் தெரியும்? அந்த ஓரத்திலிருந்தே வெட்டிக்கொண்டான்.

சாயங்காலம் அவனே முந்திக்கொண்டான்.

"வள்ளி, ஒன் பட்டுச்சேலைய எலி கடிச்சிட்டு!"

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆமாங்க... எலிதான். எலி இல்லாம வேற யாரு?"

ஓடிப்போய்ச் சேலையைப் பார்த்தவள் முகம் மாறியது. "இவ்வளவா கடிச்சிருக்கு?"

"ஏன், முன்னாடியே பாத்தியா?"

"சேச்சே! நான் எங்க பாத்தேன்?"

இரண்டு பேரும் சேர்ந்து போய் எலிப்பொறி வாங்கி வந்தார்கள். அடுத்த நாள் மிஷினுக்குப் பின்னால் விழுந்த நூல்கண்டை எடுக்கப் போய், பொறியில் முதலாவதாகச் சிக்கியது செண்பகராஜின் ஆள்காட்டி விரல்.

வீங்கின விரலோடு ஒட்டுப்போட்டான். சிவப்பு அங்கியின் இரண்டு அக்குளிலும் கத்தரிப்பூப் பட்டு பளிச்சென்று இளித்தது. அதை மறைக்க ஒரு மார்க்கவசம் வேண்டியதாயிற்று. விளாத்திகுளத்து அக்கா வீட்டிலிருந்து மிளகாய் வத்தல் வந்த சாக்கு ஒன்று கிடந்தது. வாசலில் வைத்து ஒரு உதறு உதறினான். தெருவே தும்மியது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். மூன்று மடிப்பாகத் தைத்து, சில்வர் பெயின்ட் அடித்துவிட்டான்.

சனிக்கிழமை ராத்திரி வள்ளிமயில் சொன்னாள், "நாளைக்கு அம்மா வீட்டுக்கு, கழுகுமலைக்குப் போறேன். நீங்க?"

ஆட்டமும் கழுகுமலைப் பக்கம்தான். செண்பகராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்கு ஓவர்டைம்."

"நல்லதாப் போச்சு" என்றாள், கொஞ்சம் வேகமாகவே.

ஞாயிற்றுக்கிழமை அங்கியும் கவசமும் மாட்டிக்கொண்டு, மாமியார் வீட்டுத் தெருவைத் தவிர்த்து, வண்டிப் பாதையில் பைக்கை உருட்டாத குறையாக ஓட்டிப் போனான். வெயிலில் வேர்வை இறங்கியது. வேர்வை சாக்கில் இறங்கியது. சாக்கு தன் வேலையைக் காட்டியது. ஆட்டம் நடக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது தளபதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

சோதனைக் கூடாரத்தில் பெத்தம்மாளக்கா இருந்தாள். இரண்டு பாளையத்துக்கும் உடுப்புச் சோதனை அவள்தான். நடுவில் சமுக்காளத்தைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் மேற்குப் பாளையத்தார், இந்தப் பக்கம் கிழக்கு.

"என்னடே, சண்டை தொடங்கு முன்னயே தளபதி அழுதா, படை என்னத்துக்கு ஆவும்?"

"கவசம் காந்துதுக்கா!"

"அதக் கழத்தித் தூரப் போடு மொதல்ல."

கழற்றினான். இரண்டு அக்குளும் அம்பலத்துக்கு வந்தன. போச்சு, மறுபடியும் வாசல், மறுபடியும் மர ஈட்டி என்று நினைத்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது அவனுக்கு.

பெத்தம்மாளக்கா கையைத் தூக்கச் சொல்லி, தையலை விரலால் நீவிப் பார்த்தாள். "ரெண்டும் இடதுகை. கூலிக்குத் தைக்கிற எவனும் இவ்வளவு கோணலாத் தைக்க மாட்டான். சத்தியமா இது ஒன் சொந்தக் கைதான். தேறிட்ட, போ."

"அக்கா! நெசமாவா?"

"இரு இரு. இந்தப் பட்டு ஏது?"

"வீட்டுல எலி கடிச்ச சேலைக்கா. வீணாப் போகுதேன்னு..."

அவள் குனிந்து அந்த அக்குளையே உற்றுப் பார்த்தாள். தலையில்லாத அன்னத்தின் வாலைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பை அடக்க மாட்டாமல் சமுக்காளத் திரையை விலக்கி, அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"மேற்குப் பாளையத்து ராணியம்மா! ஒங்க பச்சை ரவிக்கை அன்னத்துக்கு வாலு கெடைச்சிட்டு! மிச்சச் சேலையக் கடிச்ச ஒங்க வீட்டு எலி இங்கன தளபதியா நிக்குது, வந்து பாருங்க!"