பின்பலகை இல்லாத அலமாரி

அன்பு அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீயும் அத்தானும் குழந்தைகளும் சுகம் என்பதை உன் கடிதத்தின் முதல் வரியில் படித்து மகிழ்ந்தேன். இரண்டாவது வரியில், "வீடு பார்க்க வந்த மனுஷன் ஏன்டி ஒத்தைச் செருப்போட ஓடினார்?" என்று கேட்டிருந்தாய். வீட்டை விற்கப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதால், வருகிறவர்களை நானே விரட்டுகிறேன் என்று அத்தான் நினைக்கிறாராம். வீடு அத்தானுடையது. பூட்டிக் கிடக்க வேண்டாம் என்று என்னை இருக்கச் சொன்னீர்கள், இருந்தேன். விற்றுவிட்டால் உங்கள் வீட்டில் துணி காயப்போடும் சின்ன அறைதான் எனக்கு என்பதும் தெரியும். இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் அந்த மனிதரை நான் விரட்டவில்லை. என்ன நடந்தது என்று எழுதுகிறேன், தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படி.

எல்லாம் அத்தானின் யோசனையில் ஆரம்பித்தது. வாசல் நடை இருட்டாக, மூளியாக இருக்கிறது, உள்ளே வருகிறவருக்கு முதலில் கண்ணில் படும் இடம் அதுதான், ஏதாவது செய் என்று சொன்னார். கூடத்தில் நடக்க இடமில்லாமல் என் புத்தகங்கள் கிடக்கின்றன, நடையில் சுவரோடு சுவராகப் புத்தக அலமாரி வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும் என்று நான் சொன்னேன். இதில் என் சுயநலமும் கொஞ்சம் உண்டு. யாராவது வீட்டுக்கு வந்தாலே எனக்கு மூச்சு முட்டும். வாசலிலேயே புத்தகம் இருந்தால் வருகிறவர்கள் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, கூடத்துக்கு வராமலே போய்விடுவார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். தச்சர் வந்தார். நடையின் அகலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அலமாரி வெளிய துருத்திக்கிட்டு இருந்தா நீங்க பக்கவாட்டுலதான் நடக்கணும்மா. சுவரைக் குடைஞ்சு உள்ள வச்சிடலாம்" என்றார். குடைந்தார். சட்டம் வைத்தார், தட்டு வைத்தார், இழைப்புளி போட்டு எல்லாவற்றையும் வழவழப்பாக்கினார். முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டபோதுதான் நான் கவனித்தேன், முதுகுப் பக்கம் பலகையே இல்லை. கேட்டேன். "பின்பலகை எதுக்கும்மா? சுவரே பின்பலகை. நான் எப்பவும் இப்படித்தான் செய்யறது. பலகை மிச்சம், கரையான் வந்தாலும் தெரியும்." அக்கா, அந்த மனிதர் நல்லவர். ஆனால் அவருடைய இந்த ஒரு பழக்கத்தால்தான் நாம் எல்லோரும் இப்போது அவஸ்தைப்படுகிறோம்.

ஏனென்றால் சுவர் இல்லை. புத்தகத்தை அடுக்கும்போது நடுத்தட்டில் ஒன்றைக் கொஞ்சம் தள்ளினேன், அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. தச்சரைக் கூப்பிட்டேன். அவர் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை போயிற்று, தோள் போயிற்று, கன்னம் தட்டில் இடித்தது. "பக்கத்து வீட்டு அடுப்படியில கை போயிருக்கணுமேம்மா..." என்றார். கையை வெளியே உருவி, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டார். பொதுச்சுவரை ஓட்டை போட்டுவிட்டோமே என்று பதறி, மன்னிப்புக் கேட்க நானே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். (நானே! பக்கத்து வீட்டுக்கு! நீ இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பாய்.) அந்த அம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார்கள். தட்டு அடுக்கும் கம்பி, கரண்டி மாட்டும் ஆணி, எண்ணெய்ப் பிசுக்கு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு கீறல் கிடையாது. "எங்க சுவர் நல்லாத்தான்ம்மா இருக்கு. உங்க சுவருதான் எங்கயோ போயிருக்கு" என்று சொல்லி, வந்ததற்குக் காப்பியும் கொடுத்து அனுப்பினார்கள்.

சரி, பழைய வீடு, உள்ளே ஏதோ பொந்து இருக்கும், எலி இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு புத்தகங்களை வரிசையாக அடுக்கி முடித்தேன். மறுநாள் பாதி படித்து வைத்திருந்த நாவலை எடுத்தால், பக்கத்தின் மேல் மூலை மடிந்திருந்தது. நான் மூலை மடிக்கிறவளா? உன்னோடு நான் போட்ட சண்டையில் பாதி அதற்காகத்தானே! "அடையாளம்டி. இங்கயே இரு, வர்றேன்னு பக்கத்துக்கிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்பாய். நான் தையல் நூலைத்தான் அடையாளமாக வைப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் உன்மேல்தான் சந்தேகம் வந்தது, என்னிடம் சொல்லாமல் வந்துவிட்டுப் போனாயோ என்று. பிறகு வேறு புத்தகங்களைத் திறந்து பார்த்தேன். நான் படித்துக்கொண்டிருந்த எல்லாவற்றிலும் மூலை மடிந்திருந்தது. அதுவும் எங்கே என்றால், என் நூல் இருக்கும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில். என்னைவிட ஒரே ஒரு பக்கம் முன்னால். நான் ஒரு அத்தியாயம் படித்து வைத்தால் மடிப்பும் ஒரு அத்தியாயம் நகர்ந்திருக்கும். நான் சோம்பிப் படிக்காமல் விட்டால் அதுவும் அங்கேயே நிற்கும். எலி இப்படிப் படிக்காது அக்கா. நானும் எத்தனையோ எலி பார்த்திருக்கிறேன்.

பயமாக இல்லையா என்று கேட்பாய். இருந்தது. நடையைக் கடக்கும்போது எதிர்ச் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு போனேன், ஒரு வாரம் பின்கதவு வழியாகவே கடைக்குப் போனேன். ஆனால் பயம் என்பது தினமும் பட முடிகிற ஒன்றல்ல. கொஞ்ச நாளில் அலுத்துவிடுகிறது, அப்புறம் கோபம்தான் வருகிறது. சமையல் புத்தகத்தை வைத்தால் கீழே தள்ளிவிடுகிறது. விடியற்காலையில் எழுந்தால் வாழ்க்கையில் முன்னேறலாம் என்று அத்தான் எனக்குப் பரிசளித்தாரே ஒரு புத்தகம், அது மூன்று தடவை குப்புற விழுந்தது. எடுத்து வைக்க எனக்கும் மனம் வரவில்லை. கவிதை என்றால் மட்டும் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும், திரும்பி வர நாளாகும். ஒரு தடவை உள்ளே விழுந்த அடையாள நூலை எடுக்கக் கையை விட்டேன். உள்ளே குளிரும் என்று நினைத்தேன். குளிரவில்லை. இப்போதுதான் யாரோ எழுந்து போன நாற்காலியைத் தொட்டால் இருக்குமே, அப்படி வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன். உடனே எடுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த நிலைமையில்தான் வீடு பார்க்க அந்த மனிதர் வந்தார். எதையும் தட்டிப் பார்க்கிற ரகம். கதவைத் தட்டினார், ஜன்னலைத் தட்டினார், குழாயைத் தட்டினார், நல்லவேளை என்னைத் தட்டவில்லை. அலமாரியைப் பார்த்ததும், "அட, அருமையா இருக்கே! இதையும் சேர்த்துத்தானே குடுக்கறீங்க?" என்று நடுத்தட்டில் இருந்த தடித்த துப்பறியும் நாவலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. "என்னம்மா, ஒட்டி வச்சிருக்கீங்களா?" என்று சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக இழுத்தார். புத்தகம் கொஞ்சம் வெளியே வந்தது. பிறகு உள்ளே போயிற்று. அவர் சிரிப்பு நின்றது. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார்; உள்ளேயிருந்தும் அதே பலத்தில் இழுத்தது. புத்தகம் கிழிந்துவிடுமே என்று நான் கத்தினேன். "யாரும்மா உள்ள? யாரு பிடிச்சிருக்கா?" என்று அவர் கத்தினார். நான் அங்கேதான் தப்புச் செய்தேன் அக்கா. எலி என்று சொல்லியிருக்கலாம், பசை என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில், "விட்டுடுங்க சார், இன்னும் கொலைகாரன் யாருன்னு தெரியல, அதான் குடுக்க மாட்டேங்கறாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் விட்டார். செருப்பு வைக்கும் தட்டின்மேல் விழுந்தார், எழுந்தார், வாசலைத் தாண்டியதுதான் தெரியும். ஒத்தைச் செருப்பு இங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் பார்த்தால் அந்தச் செருப்பு அலமாரியில், இரண்டு புத்தகங்களுக்கு நடுவில், முதுகு வெளியே தெரிகிற மாதிரி நேர்த்தியாகச் செருகி வைத்திருக்கிறது. எடுத்துப் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன், அவர் விலாசத்தை எழுது.

நடந்தது இவ்வளவுதான். யோசித்துப் பார்த்தேன். என் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்கே புரிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. முந்தாநாள் எனக்குத் தலைவலி. படிக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் உள்ளே காத்துக்கொண்டிருக்குமே என்று நாலு பக்கம் படித்து வைத்துவிட்டுப் படுத்தேன். வீட்டுக்கு ஒருவர் வந்தால் எப்போது போவார்கள் என்று கடிகாரம் பார்க்கிறவள், சுவருக்குள் இருப்பதற்காகத் தலைவலியோடு படிக்கிறாள் என்றால் அவளை இனிமேல் தனியாக விடக்கூடாது. தனியாக இருக்காதே, எங்களோடு வந்து இரு என்று நீ சொல்வதும் அதற்குத்தானே. ஆகவே நீ ஜெயித்தாய். தச்சர் நாளைக் காலையில் வந்து பின்பலகை அடித்து மூடிவிடுவார். பலகையைக் கூட அறுத்து, இழைத்து, நடையில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அத்தான் தாராளமாக வீட்டை விற்கட்டும், யாரும் இனி ஓட மாட்டார்கள். மாதக் கடைசியில் நான் அங்கே வந்துவிடுகிறேன். சின்ன அறையில் துணிக்கொடியை அவிழ்த்துவிட்டு ஒரு விளக்கு மட்டும் போட்டு வை.

அத்தானுக்கு என் வணக்கம்; அவர் கொடுத்த புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. பெரியவனுக்கும் குட்டிக்கும் என் முத்தம். உன் இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குனிந்து பாத்திரம் தேய்க்காதே. எல்லோரும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போனபோது, இந்தக் கடிதத்தைக் கைமறதியாக நடுத்தட்டில் வைத்துவிட்டேன். திரும்பி வந்தால் காணவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளேயிருந்து மெதுவாக வெளியே வந்தது. நீ படிக்கும்போது கடைசித் தாளின் மூலையில், மாதக் கடைசியில் வருகிறேன் என்று எழுதிய இடத்துக்கு நேராக, ஒரு மடிப்பு இருக்கும். நிமிர்த்திப் பார்த்தேன், தடம் போகவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். தச்சரைப் பலகையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். கொடியை அவிழ்க்க வேண்டாம், துணி காயட்டும். குடியிருக்கிறவர் காலி செய்ய மாட்டேன் என்கிறார் என்று அத்தானிடம் சொல். எந்தக் குடியிருக்கிறவர் என்று கேட்டால், இருவரும் என்று சொல்.