எல்லாரையும் சேர்த்துச் சுருக்கியவர்

உலகத்தில் எதையும் தனியாகப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ மறுத்த ஒரே மனிதர் எங்கள் ‘செலக்ட் ஆல்’ சார்தான். சொந்தப் பெயர் ஒன்றும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். கரண்ட் பில்லைப் பார்த்தால் தெரியும்.

ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்று, கொண்டாப்பூரில் எங்கள் அடுக்ககத்துக்குக் குடிவந்தவர். பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்து வளர்ந்தது ஹைதராபாத். அதனால் ‘வே’ என்று கூப்பிட்டு ‘நக்கோ’ என்று மறுப்பார். வேண்டாம் என்பதை அந்த ‘நக்கோ’ அளவுக்கு முகத்தில் அறைகிற சொல் தமிழில் கிடையாது.

எங்கள் பகுதித் தமிழர்கள் நடத்தும் சின்னச் சங்கத்துக்கு ஆண்டு மலரைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பது அவர்தான். ஒரு பக்கத்தில் பத்துப் படம் இருந்து, ஒன்றைச் சிறிதாக்கச் சொன்னால் ‘செலக்ட் ஆல்’ போட்டுப் பத்தையும் சேர்த்துத் தேர்வு செய்வார். மூலையைப் பிடித்து இழுப்பார். பத்தும் ஒரே விகிதத்தில் சுருங்கும். “ஒண்ண மட்டும் தொட்டா மத்தது கோவிச்சுக்கும் வே” என்பார்.

வீட்டிலும் இதே சட்டம்தான். சர்க்கரை ஏறிவிட்டது, சோற்றைப் பாதியாகக் குறையுங்கள் என்றார் டாக்டர். மறுநாளிலிருந்து மனைவிக்கும் மகனுக்கும் பாதி. இரவல் பேப்பர் கேட்கப் போன என்னையும் உட்கார வைத்துப் பாதி போட்டார். குவார்ட்டர்ஸை விட்டுச் சின்ன ஃபிளாட்டுக்கு வந்தபோது சோபாவைச் சின்னதாக மாற்றினார். நியாயம்தான். ஆனால் பிறகு கட்டில், பீரோ, குக்கர், சுவர்க் கடிகாரம் என்று எல்லாமே வரிசையாகச் சின்னதாயின. “அடுத்தது நானா?” என்று அவர் மனைவி கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசித்தாராம்.

இப்படிப்பட்டவர் கையில் போய்ச் சேர்ந்தது நிர்வாகிகள் படப் பக்கம். அதில் செயலாளராகிய நான் முதல் வரிசையில் இடது ஓரம். எனக்கு அடுத்து தலைவர். என் வழுக்கையில் வெளிச்சம் அடிக்கிறது, குறையுங்கள் என்று ஒருநாள் போனேன். முகம் வலது பக்கமாகச் சாய்கிறது, நிமிர்த்துங்கள் என்று இன்னொரு நாள் போனேன். மூன்றாவது முறை கதவைத் திறந்ததுமே, “உம்ம மூஞ்சியப் பூட்டிட்டேன் வே. இனிமே அசையாது” என்றார். அந்த மென்பொருளில் படத்தைப் பூட்ட வசதி உண்டு. பூட்டிய படம் நகராது, பெரிதாகாது, சுருங்காது.

தலைவருக்கு வேறு கவலை. அவர் கோயம்புத்தூர்க்காரர். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு சம்பந்தி முதல்முறையாக ஹைதராபாத் வருகிறார், ஆண்டு விழாவுக்கு. “என்ற படம் மட்டும் கொஞ்சம் பெருசா வரோணுங்க” என்று பணிவாகக் கேட்டார். சார் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல் “நக்கோ” என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். விழா நடக்கும் ஹால் அவருடையது. எங்களுக்கு இலவசமாகத் தருவது.

அச்சுக்குப் போகிற அன்று பிரியாணிக் கடை விளம்பரம் ஒன்று வந்தது. வேறு இடமில்லை. நிர்வாகிகள்தான் ஒதுங்க வேண்டும். சார் எல்லாரையும் தேர்வு செய்து, வலது கீழ் மூலையைப் பிடித்து மேலே தள்ளினார். பக்கத்தைச் சரிபார்க்க எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். நான் மிகுந்த பொறுப்போடு என் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. ஓகே போட்டேன்.

விழாவன்று மலர் வந்தது. நிர்வாகிகள் எல்லாரும் தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தார்கள். பூட்டிய நான் மட்டும் பழைய அளவில். என் படத்தை ஒட்டி இடப்பக்கமாக நகர்ந்து வந்த தலைவர், பாதி எனக்கு அடியில் போய்விட்டார். ஒரு கண்ணும் பாதி மீசையும் என் காதுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன.

முன்வரிசையில் சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார். “இதுல நீங்க எங்கீங்க?”

தலைவர் தன்னைக் கண்டுபிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். சலங்கை கட்டிய குழந்தைகள் மேடையோரம் நின்றுகொண்டிருந்தார்கள். “இது யாரு பண்ணுன வேலைன்னு தெரியாம மேடையில லைட்டு எரியாதுங்க” என்றார். மொத்தக் கூட்டமும் என்னை நோக்கித் திரும்பியது. படத்தில் அவ்வளவு பெரிதாக இருக்கிறவனை விட்டு வேறு யாரைத்தான் சந்தேகப்படுவார்கள்?

பின்வரிசையில் சார் எழுந்தார்.

“நாந்தான். எல்லாரையும் சுருக்குனேன். இவரச் சுருக்க மனசு வரல்ல. வருசம் பூரா இந்த ஹாலுக்கு நாற்காலி சுமந்தவரு.”

நான் சுமந்தது ஒரே ஒரு நாற்காலி. அதுவும் நான் உட்காருவதற்கு.

சம்பந்திதான் முதலில் தலையாட்டினார். “நாயமான பேச்சுங்க சம்பந்தி. வேலை செஞ்சவருக்கு எடம் குடுத்திருக்கீங்க.” இடம் குடுத்த பெருமை தனக்குத்தான் என்று தெரிந்ததும் தலைவர் முகம் மெல்ல இளகியது. லைட் எரிந்தது, குழந்தைகள் ஆடினார்கள். நன்றியுரையில், அடுத்த ஆண்டு மலர் வெளியில் ஒரு டிசைனருக்குத் தரப்படும் என்று தலைவர் அறிவித்தார். சாரும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார். அந்த மலர் ஒன்றுதான் ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இருந்த வேலை.

திரும்பும்போது என் காரில்தான் வந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை. “பூட்டத் தொறக்க மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா வேலையாவது மிஞ்சியிருக்குமே சார்?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “மறந்தேன்னு யாரு வே சொன்னா?”

மறந்ததுதான். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் வீட்டில் ஒரு பக்கம், ஆபீசில் ஒரு பக்கம் என்று ஆளாளுக்கு மூலையைப் பிடித்து என்னைத் தள்ளிக்கொண்டிருக்கிற வயதில், இவனைச் சுருக்க மனசு வரவில்லை என்று ஊருக்கு முன்னால் ஒருவர் சொல்லிவிட்டார். அதைப் பொய் என்று நிரூபிக்க எனக்கு மனசு வரவில்லை.