அவசர பாய் அழைத்த ஆடி

ஏற்காடு கடைவீதியில் அவசரத்தைக் கண்டுபிடித்தவரே கம்பளிக் கடை பாய்தான். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவார். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, டீ வருவதற்குள் காணாமல் போய்விடுவார். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் அவர் அவசர பாய் ஆகிவிட்டார். நான் அப்போது அவர் கடை மாடியில் குடியிருந்தேன்.

ஓர் ஆடி மாதம், விடாத மழை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட ஓர் இளம் ஜோடி தகரப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றது. கல்யாணமான புதுசு. நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் வேலை கிடைத்துவிட்டது. குடியிருக்க லைன் வீடுதான் காலியில்லை. வாடகைக்குக் கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில், ஆடியில் குடிவைக்க மாட்டோம். அந்தப் பெண்ணுக்கோ காய்ச்சல். பஸ் ஸ்டாண்டின் ஒழுகுகிற கூரையின் கீழ் மாதம் முழுக்க எப்படித் தாங்குவாள்?

பாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு, கடைவீதிக்கு மேலே மேட்டில் குடியிருந்த மேல்வீட்டம்மாவிடம் ஓடினார். மிளகுத் தோட்டக்காரி, பிள்ளைகள் இல்லை. தோட்டத்தில் ஓர் ஓட்டு வீடு பூட்டியே கிடந்தது.

"ஆவணி பொறக்கட்டுங்க பாய். ஆடியில குடிவெச்சா ஆவாதுங்க" என்றார் அந்த அம்மா.

"ஏனுங்கம்மா, புதுசாக் கட்டிக்குடுத்த பொண்ண ஆடிக்கு அம்மா ஊட்டுக்குக் கூட்டியாறது உங்க வழக்கந்தானுங்க? இந்தப் புள்ளைக்கு அம்மா ஊடே இல்லீங்க. நீங்க கூட்டியாந்தா அது குடிவெக்கறதாகுங்களா?"

அந்த அம்மா யோசித்து முடிப்பதற்குள் பூ, பழம், வளையலோடு தட்டு வந்துவிட்டது. வாசலில் ஜீப்பும் நின்றது. பஸ் ஸ்டாண்டில், டிரைவர் கண்டக்டர் எல்லாம் வேடிக்கை பார்க்க, மேல்வீட்டம்மா அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நொம்பச் சுடுதே கண்ணு. வா சாமி, நம்மூட்டுக்குப் போலாம்."

வெற்றிக் களிப்பில் பாய் மாப்பிள்ளையையும் ஜீப்பில் ஏற்றப் போனார்.

"பொண்ண மட்டுந்தானுங்க கூட்டிப் போவோம். ஆடி கழியற வரைக்கும் மாப்பிள்ளை அவிங்கூட்டுலதானுங்க இருக்கோணும்" என்று தடுத்தார் மேல்வீட்டம்மா.

"அவிங்க ஊடு எதுங்க?"

அந்த அம்மா பாயையே பார்த்தார். பஸ் ஸ்டாண்டே அவரைப் பார்த்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளையைப் பெறாமலே பாய் மாப்பிள்ளை வீட்டுக்காரராகிவிட்டார்.

ஆடி முழுக்கப் பையன் கம்பளி மூட்டைகளுக்கு நடுவில் படுத்தான். வேலை விட்டு வரும்போது மேல்வீட்டு வேலியோரம் தயங்கி நிற்பான். "காய்ச்சல் விட்டுருச்சுங்க மாப்பிள்ள, போங்க" என்று ஒருநாள் உள்ளிருந்து மாமியார் குரல் வந்தது. அன்று பாயும் பையனும் இரண்டு பங்கு சோறு சாப்பிட்டார்கள்.

ஆவணி முதல் தேதி அவனுக்குப் புது வேட்டி உடுத்திக் கூட்டிப் போனார் பாய். மேல்வீட்டம்மா ஆரத்தி சுற்றி, ஓட்டு வீட்டுச் சாவியைப் பெண்ணின் கையில் கொடுத்தார். "உள்ள வாங்க மாப்பிள்ள. இனி இது உங்கூடு." கப்பலிறங்கிய நாளிலிருந்து அவனிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

திரும்பும் வழியில் பாய் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். "நம்ம சம்பந்தியம்மா தங்கமானவங்க. ஆனா பையன் இல்லாம கடைக்குள்ள போவவே மனசு வரலீங்க" என்றார். அன்றிரவு நான் மாடியில் படுக்கவில்லை. என் கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கி, அந்தக் கம்பளி மூட்டைகளுக்கு நடுவில் அவருக்குத் துணையாகப் படுத்துக்கொண்டேன்.