பிழை எண் ஐம்பத்தொன்று

“அம்பத்தொண்ணுன்னு வரதே, அப்படின்னா என்னடா?” என்றார் வைத்தீஸ்வரன்.

ஜாதவ்பூரில் அவருக்கு முறுக்குக் கடை. கடைக்கு வரும் ஆர்டர்களை ஹவுரா கிடங்குக்குத் தானாகவே அனுப்ப ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதியிருந்தான் குருபிரசாத். கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. இன்று ஐந்து மணிக்குள் அது ஓடினால் வேலை நிரந்தரம். கடிதம் தயார், கையெழுத்துதான் பாக்கி. அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் பெண் என்று அவன் கல்யாணம் செய்துகொள்ளக் காத்திருந்த ரோஹிணியின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

செல்போன் நெட்டில் ஓடிய அவன் லேப்டாப்பில் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. கடையின் மேக் கம்ப்யூட்டர்தான் முரண்டு பிடித்தது. லேப்டாப்பில் இருந்த பிழைப் பட்டியலைப் பார்த்தான்.

“ரெண்டாவது லெவல் நின்னுடுத்துன்னு போட்டிருக்கு, மாமா.”

“நமக்கு மாடியே கிடையாதேடா! அதை விடு, கல்லா கம்ப்யூட்டர்ல போடு.”

கல்லாவில் இருந்தது விண்டோஸ். அது 10051 என்றது. அவன் பட்டியலோ நூற்று முப்பத்துமூன்றோடு முடிந்துவிட்டது.

“பத்தாயிரத்து அம்பத்தொண்ணா? வட்டி போட்டுடுத்தா?”

ஒவ்வொரு ரகக் கம்ப்யூட்டரும் ஒரே பிழைக்கு வேறு வேறு எண் வைத்திருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எண்ணை விட்டுப் பிழையின் பெயரைக் கேட்டிருந்தால் மூன்றும் ஒன்றையே சொல்லியிருக்கும். ஆனால் அதற்கெல்லாம் நிதானம் வேண்டும். மணி நாலே முக்கால்.

எண் வேண்டாம், விஷயத்தை வார்த்தையில் சொல் என்று அவசரமாக மாற்றினான். திரையில் இரண்டு வரி பெங்காலி வந்தது. கல்லாவில் உட்காரும் ரஞ்சன் அந்தக் கம்ப்யூட்டரைத் தன் தாய்மொழிக்கு மாற்றி வைத்திருந்தான். அவன் டீ குடிக்கப் போயிருந்தான்.

“மாமா, நீங்க படியுங்கோளேன்.”

“நாப்பது வருஷமா பேசறேன். படிக்க எங்கேடா கத்துண்டேன்?”

குருபிரசாத்துக்கு அழுகை வந்தது. கடைசியில், என்ன பிழை வந்தாலும் கண்டுகொள்ளாதே, ‘அனுப்பியாச்சு’ என்று மட்டும் சொல் என எழுதினான். வெட்கக்கேடு என்று அவனுக்கே தெரியும். தட்டினான்.

‘நாற்பது ஆர்டரும் அனுப்பியாச்சு’ என்றது திரை. மேக்கிலும் அதே.

“பேஷ்!” என்று வைத்தீஸ்வரன் பேனாவைத் திறந்தார்.

அவர் மனைவி ஜலஜா காபியோடு உள்ளே வந்தாள். திரையை ஒரு தரம் படித்தாள்.

“ஏண்டா குரு, கடை நெட் மோடத்தைக் காலம்பறயே கழட்டி ரிப்பேருக்கு அனுப்பிட்டேனே. நாப்பதும் எதுலடா போச்சு?”