வெளிப்படை மண்டபம்

மறைக்க ஒன்றுமில்லை என்று தினமும் முரசறைந்து ஆளப்பட்ட நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் தெளிநாடு. அங்கே வீட்டை அடகு வைத்தால் அரண்மனை அந்தப் பத்திரத்தை நூறு துண்டாக வெட்டும். மற்றவர்களின் துண்டுகளோடு கலந்து, கட்டுகளாகக் கட்டி, யார் யாருக்கோ விற்றுவிடும். இதனால் ஒருவருக்கும் நட்டம் வராது என்று நிதியமைச்சர் ஒருநாள் முழுக்க விளக்கினார். யாருக்கும் புரியவில்லை. அதனால் எல்லோரும் கைதட்டினார்கள்.

மாவு அரைத்து விற்ற வடிவாம்பாளின் வீட்டைப் பூட்டப்போவதாக ஓலை வந்தது. வெள்ளத்தில் கடை போனதால் அவள் மூன்று தவணை கட்டவில்லை. அதிகத் துண்டு வைத்திருப்பவர் சம்மதித்தால் கெடுவை நீட்டிக்கலாம்; நாற்பது நாளுக்குள் அந்தச் சம்மதத்தைக் கொண்டுவர வேண்டும் என்றது சட்டம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கனகு அந்த வீட்டில்தான் படுத்திருந்தாள்.

"அந்தத் துண்ட வச்சிருக்கவுங்க யாருன்னு மட்டும் சொல்லுங்கய்யா. கால்ல விழுந்தாவது கேட்டுக்கிறேன்" என்று தகவல் அதிகாரி திருவம்பலத்திடம் கெஞ்சினாள் வடிவாம்பாள்.

"நாம் சொன்னால் அது சலுகை. நீங்களே தேடிப் படித்தால் அது உரிமை. உரிமை இருக்கும்போது சலுகை எதற்கு, அம்மையே?" என்றார் அவர்.

எல்லாக் கட்டுகளும் வெளிப்படை மண்டபத்தில் அடுக்கப்பட்டிருந்தன. அதற்குக் கதவும் கிடையாது, காவலும் கிடையாது. உள்ளே ஆயிரக்கணக்கானோர் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. கரையான் அரிப்பதுபோல் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. வடிவாம்பாள் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

ஒரு கட்டைப் பிரித்தால் உள்ளே வேறு கட்டுகளின் பட்டியல் இருந்தது. அவற்றைத் தேடிப் பிரித்தால் இன்னொரு பட்டியல். எதுவும் விளங்கவில்லை என்று மக்கள் முறையிட்டார்கள். மன்னர் மனமிரங்கி, ஒவ்வொரு தாளுக்கும் பத்துத் தாளில் விளக்கம் எழுத ஆணையிட்டார். மண்டபத்தை இன்னும் இரண்டு தெருத் தூரம் நீட்ட வேண்டியதாயிற்று. தாள்கள் கலைகின்றன என்று அடுத்த ஆணை வந்தது: பாதியில் எழுந்து போகிறவர் திரும்பி வந்தால் முதல் தாளிலிருந்து தொடங்க வேண்டும்.

அதன்பின் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே உண்டு, அங்கேயே தூங்கினார்கள். கிழவர் ஒருவர் ஒரு வரியில் விரலை வைத்தபடியே இறந்துபோனார். 'வாசகர் தொடர்ந்து வாசிக்கிறார்' என்று அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். அவரை யாரும் நகர்த்தவில்லை.

முப்பத்தோராம் நாள், புதிதாக வந்த ஒருத்தி வடிவாம்பாளிடம் குனிந்து, "ஒங்க கனகுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு" என்றாள். வடிவாம்பாள் அழுதாள். அழுதுகொண்டே அடுத்த தாளைப் புரட்டினாள். எழுந்தால் முப்பது நாளும் வீண்.

நாற்பதாம் நாள் காலையில் அந்தப் பெயர் கிடைத்தது. "செங்கமலம், உப்புக்காரத் தெரு! யாருக்காவது தெரியுமா?" என்று கத்திவிட்டாள்.

நாற்பது நாளும் அவள் தோளை உரசியபடி உட்கார்ந்திருந்த பெண் மெல்லத் தலையைத் தூக்கினாள். "செங்கமலமா? அது... நாந்தான்க்கா."

"பாவி, எம் வீட்டப் பூட்டச் சொன்னது நீயா?"

"நான் யாரு வீட்டையும் பூட்டச் சொல்லலியே! வயசான காலத்துக்குன்னு மாசாமாசம் கூலியில அரண்மனை புடிச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." அவள் மடியிலிருந்து ஒரு குறிப்பை எடுத்தாள். "எம் வீட்டையும்தான் பூட்டப் போறாங்க. அதுல அதிகத் துண்டு வச்சிருக்கவ பேரு வடிவாம்பாளாம். தெருப் பேரு இன்னும் கெடைக்கல. அவள எங்க போயித் தேடுவேன்?"

வடிவாம்பாள் மாவு விற்ற காசிலும்தான் மாதாமாதம் பிடித்திருந்தார்கள்; அந்தப் பணத்தில் அரண்மனை வாங்கிப்போட்ட துண்டுகள்தான் இவை. செங்கமலத்தின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினாள். ஒருவருக்கொருவர் சம்மதம் தருவதாக இருவரும் மூச்சிரைக்கச் சொன்னார்கள்.

"வெளிப்படைத்தன்மை வென்றது!" என்று திருவம்பலம் எழுந்து நின்றார். "ஆனால், நீங்கள் இரக்கப்பட்டு உங்களுக்கே நட்டம் செய்துகொள்வதை மன்னர் எப்படிப் பொறுப்பார்? உங்கள் நன்மைக்காக இரு வீடுகளையும் விடியற்காலையிலேயே விற்றாயிற்று. வாழ்த்துகள்."

"எம் பொண்ணு எங்கய்யா? பச்ச ஒடம்புக்காரி... கைப்புள்ள..."

"அதுவும் பொதுத் தகவல்தான், அம்மையே. எட்டாம் அடுக்கில் இருக்கும்."

இருவரும் தெருவுக்கு ஓடினார்கள். "கனகு! கனகு!" என்று வடிவாம்பாள் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். செங்கமலம் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். எல்லாக் கதவிலும் பூட்டு. ஒரு கைக்குழந்தையோடு யாராவது இந்த வழியாகப் போனார்களா என்று கேட்க ஓர் ஆள் அகப்படவில்லை. ஊரே மண்டபத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது.