கொல்லைப்பக்கம் தனியாகப் போகாதவர்

பேய்ப்படம் பார்த்துப் பயப்படுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். பயப்படாதவர்களையும் தெரியும். மூன்றாவதாக ஒரு ரகம் இந்த இரண்டாயிரத்து நாலாம் வருஷத்தில் நம் புதுச்சேரியில் முளைத்திருக்கிறது: பேய்ப்படத்துக்கு உரை சொல்கிறவர்.

படத்தில் ஐந்து கல்லூரிப் பிள்ளைகள் காரில் ஏறிக் காட்டுக்குள் போவார்கள். நாம் மிக்சரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, எப்போது அலறலாம் என்று காத்திருப்போம். இவர் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்துவார்.

"இங்க கவனிங்க. பெட்ரோல் பங்க் கிழவன் 'அந்தப் பக்கம் போவாதீங்க'ன்னான்ல? அது தடை. இவங்க போவாங்க, அது மீறல். அப்புறம் தண்டனை. முத்தம் குடுத்தவன் முதல்ல, ஜோக் அடிக்கிறவன் ரெண்டாவது, 'யாரு அங்க?'ன்னு கேக்குறவன் மூணாவது. துணிஞ்சு தனியா போற பொண்ணு ஒருத்தி மட்டும் கடைசியில பொழப்பா."

படம் மறுபடி ஓடும். அதே வரிசையில் சாவார்கள். கொலைகாரனுக்கே இவர்தான் பட்டியல் எழுதிக் கொடுத்தாரோ? அப்புறம் அலறுவதற்கு நமக்கு என்ன மிச்சம்?

எங்கள் சாரம் பகுதியில் இந்த ரகத்துக்குத் தலைமகன் கலைவாணன். வயது முப்பத்தொன்று, கல்லூரி விரிவுரையாளர். கதைக் கோட்பாடு பற்றிப் பிரெஞ்சில் வந்த தடித்தடிப் புத்தகங்களை ஜெராக்ஸ் எடுத்து, பைண்டு பண்ணி, சிவப்பில் கோடு போட்டு, வாடகை டி.வி.டி.யில் கிடைத்த இளசுகளின் பேய்ப்படம் இருநூற்றுப் பதினாலையும் பார்த்து, செத்த அத்தனை பேரையும் விதிவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். அவர் ரிமோட்டில் நிறுத்துகிற பொத்தான் தேய்ந்து குழியாகிவிட்டது. அரை ஸ்பூன் பாயசம் நிற்கும். ஊற்றிப் பார்த்தேன்.

படத்தோடு நின்றாரா? பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற சின்னப்பாப்பா, "அந்தப் பக்கம் வழுக்கும், போவாத சாமி" என்றால் போதும். "தடை வந்துடுச்சு" என்று முகம் வெளுத்து, மீன் வாங்காமலே திரும்பிவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு பெண் அமைந்தது. ரெட்டியார்பாளையம் சுமலதா, தபால் ஆபீஸில் வேலை. இருவருக்கும் ஒருவரையொருவர் நிஜமாகவே பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் நிச்சயத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. நானும் போயிருந்தேன். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லாததால் தட்டை வாங்க வேண்டியவர் தாய்மாமன் ஆதிமூலம்.

மூன்றே முக்காலுக்கு ஆதிமூலம் கைகால் கழுவக் கொல்லைப்பக்கத்துக் குளியலறைக்குப் போனார். வானம் இருண்டு மழை கொட்டியது. கரண்டும் போனது. குளியலறைத் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. மாமா கதவை இடித்தார், கத்தினார். தகரக் கூரையில் விழுந்த மழையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது ஒரு 'தொம் தொம்', ஒரு 'ஊ'.

"என்னா சத்தம் அது?" என்று எழுந்தார் பெண்ணின் அப்பா வடிவேல்.

"உக்காருங்க மாமா!" என்றார் கலைவாணன். "சத்தம் கேட்டுப் போனவன் திரும்பி வந்த படமே கெடையாது."

"அது சினிமா மாப்ள."

"கதைன்னா எல்லாம் ஒண்ணுதான். மழை, கரண்டு கட்டு, பின்கட்டு. மூணும் சேந்தாச்சு பாருங்க!"

பாடம் தொடங்கிவிட்டது. அரைமணி நேரம். விருந்தாளிகள் பதினேழு பேரும் ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் குவிந்தார்கள். ஒருவர் ஜோக் சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி வாயைப் பொத்தினாள். உள்ளே இருப்பது ஆதிமூலம் என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்களா? தெரியும். வாயில் கேசரி இருந்தது.

மணி நாலு இருபது. சுமலதா தாம்பூலத் தட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, தட்டு வாங்க ஒங்க மாமா எங்க?"

"அவரு முதல்லயே போயிட்டாரு. இப்ப நாம கூட்டமா இருக்கணும்."

"தனியா போற பொண்ணு பொழப்பான்னீங்களே. அப்ப நான் போறேன்." புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"இரு சுமா! நீதான் கடைசிப் பொண்ணுன்னு இன்னும் உறுதியாவல!"

அவள் நிற்கவில்லை. அம்மிக் குழவியால் தாழ்ப்பாளில் இரண்டு போடு போட்டாள். மாமா வெளியே வந்தார். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ஏறித் தப்பப் பார்த்ததில், பரண்மேல் இருந்த கோலமாவு டின் தலையில் கவிழ்ந்து, உச்சி முதல் பாதம் வரை வெள்ளை. நடுவில் இரண்டு சிவந்த கண்கள். அந்தக் கோலத்தில் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"யாரு அங்க?" என்று ஒரு அலறல். அலறியது கலைவாணனேதான். அடுத்த நொடி மாப்பிள்ளை செருப்பில்லாமல், குடையில்லாமல், தன்னந்தனியாக விழுப்புரம் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார்.

மணி நாலு இருபத்தேழு. மாமா இருமிக்கொண்டே கையை நீட்டினார். "தட்டைக் குடும்மா, நேரமாவுது. பையன் வந்துடுவான்."

சுமலதா அவருக்குத் துண்டைக் கொடுத்தாள். தட்டைக் கொடுக்கவில்லை.

"அவரு சொன்ன கதையில, கடைசியில பொழச்சு நிக்கிறவ பக்கத்துல மாப்ள யாரும் இல்ல மாமா. நான் பொழச்சுக்கிறேன்." தட்டு உள்ளே போயிற்று.

கலைவாணன் இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "பாத்தீங்களா, விதி எவ்ளோ கரெக்டா வேலை செஞ்சுது!"

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது என்று நான் சொன்னபோதே, 'இந்தக் கல்யாணம் நடக்காது' என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிட்டீர்கள் அல்லவா? சரி, உங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கமும் யாரோ இடிக்கிற மாதிரி இருக்கிறது. இதை மூடி வைத்துவிட்டுப் போய்த் திறந்துவிடுங்கள். 'யாரு அங்க?' என்று மட்டும் கேட்காதீர்கள்.